ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர்?

எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே, நைல் நதிக்குக் கிழக்கே, பீர் தவீல் என்றொரு பாலை நிலம் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 2,060 சதுர கிலோமீட்டர். 1899-இல் ஆங்கிலேயர் 22-ஆம் அட்சரேகையை எல்லையாக வைத்தார்கள். 1902-இல் மேய்ச்சல் குடிகளின் வரத்துப்போக்கைப் பார்த்து வேறொரு நிர்வாகக் கோட்டை வரைந்தார்கள். செங்கடல் ஓரத்தில் இருக்கும் ஹலாயிப் பகுதி தனக்கு வேண்டும் என்பதற்காக எகிப்து முதல் கோட்டைப் பிடித்துக்கொண்டது. அதே ஹலாயிப்புக்காகச் சூடான் இரண்டாவது கோட்டைப் பிடித்துக்கொண்டது. ஹலாயிப்பைக் கேட்கிறவர், தாம் காட்டும் கோட்டின்படியே, பீர் தவீலை விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆகவே இரண்டு அரசுகளும் அதைத் தங்களுடையது என்று சொல்வதில்லை. இடையர்கள் கால்நடையோடு வந்துபோவதுண்டு. நிலையாகக் குடியிருப்பவர் என்று அங்கே யாரும் கிடையாது. மக்களடர்த்தி: பூஜ்யம்.

ஆப்பிரிக்க நிலங்களின் அடர்த்திப் பட்டியலை எடுத்தால் அதில் மொரிஷியஸும் இருக்கிறது. ரோட்ரிக்ஸ் முதலிய தீவுகளையும் சேர்த்து அதன் பரப்பு 2,040 சதுர கிலோமீட்டர். பீர் தவீலை விட ஒரு மயிரிழை சிறியது. அங்கே சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். சதுர கிலோமீட்டருக்கு 600-க்கும் மேல். ஒரே கண்டத்தின் கணக்கில் ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு நிலங்கள் இப்படி இரண்டு கோடிகளில் நிற்கின்றன.

ஆப்பிரிக்காவின் மொத்தப் பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 150 கோடி. வகுத்தால் 50 வரும். இந்த 50 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் எந்த ஊருக்கும் வழி கேட்க முடியாது. ருவாண்டாவில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 503 பேர். நமீபியாவில் 2023 கணக்கெடுப்பின்படி நான்கு பேர்கூட இல்லை. லிபியா, மொரிட்டானியா, போட்ஸ்வானா மூன்றும் நான்கு ஐந்து என்ற அளவில் நிற்கின்றன. மேற்கு சகாராவில் இரண்டு மூன்று பேர். சராசரியான 50-க்குப் பக்கத்தில் வருவது காங்கோ ஜனநாயகக் குடியரசு. ஆனால் அதற்குள்ளும் ஆளரவமற்ற மழைக்காடு இருக்கிறது, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் கின்ஷாசா நகரமும் இருக்கிறது.

பட்டியலின் உச்சியில் யார் என்பதே எதைப் பட்டியலில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சுதந்திர நாடுகளை மட்டும் எடுத்தால் மொரிஷியஸ். ஆட்சிப்பகுதிகளையும் சேர்த்தால் மொசாம்பிக் கால்வாயில் இருக்கும் மயோட் அதை முந்திவிடும். 374 சதுர கிலோமீட்டரில் மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் இத்தீவு 2011 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஞ்சுவான் தீவிலிருந்து, பிரெஞ்சு மருத்துவமனையையும் பள்ளியையும் நம்பி, சிறு படகுகளில் உயிரைப் பணயம் வைத்து மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 2017-இல் அங்கிருந்த வீடுகளில் பத்துக்கு நான்கு தகரக் கொட்டகைகள். 2024 டிசம்பரில் சிடோ புயல் அடித்தபோது முதலில் பறந்தவை அவைதான். மொராக்கோ கரையில் ஸ்பெயின் வைத்திருக்கும் மெலில்லாவையும் சேர்த்துவிட்டால் கணக்கே தலைகீழாகும். வெறும் 12 சதுர கிலோமீட்டரில் சுமார் 85,000 பேர், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 7,000. மெலில்லா ஒரு வேலி போட்ட நகரம். அதை நாடுகளோடு வரிசைப்படுத்துவதில் பொருளில்லை. அடர்த்திப் பட்டியல்களின் தலையில் நகரங்களும் தீவுகளும் வந்து உட்கார்ந்துகொள்வதற்குக் காரணம் அவற்றுக்குப் பின்னால் வயலோ காடோ பாலையோ இல்லாததுதான்.

வகுக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். எந்த நிலத்தால் வகுக்கிறோம்? மலாவி இதற்கு நல்ல உதாரணம். அந்நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 1,18,000 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு மலாவி ஏரியும் பிற நீர்நிலைகளும். 2018 கணக்கெடுப்பில் மக்கள் 1 கோடியே 75 லட்சம். ஏரியையும் சேர்த்து வகுத்தால் 148. தரையை மட்டும் வைத்து வகுத்தால் 186. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே மக்கள். ஏரியில் மீன் பிடிக்கலாம், குடியிருக்க முடியாது. ஆகவே 186-தான் நியாயமான எண் என்பது என் கருத்து. ஆனால் பல அட்டவணைகள் இதைச் சொல்லாமலே இரண்டில் ஒன்றைப் போட்டுவிடுகின்றன. விக்டோரியா ஏரியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் உகாண்டாவுக்கும் இதே கதி.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் எகிப்தில் இருக்கிறது. எகிப்தின் பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் பத்துக் கோடிக்கு மேல். வகுத்தால் நூற்றுச் சொச்சம் வரும். அந்த எண்ணைப் பார்ப்பவருக்கு இது அவ்வளவு நெருக்கமான நாடில்லையே என்றுதான் தோன்றும். உண்மையில் எகிப்தியரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் நைல் பள்ளத்தாக்கிலும் கழிமுகத்திலும் வாழ்கிறார்கள். அது நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்து சதவீதம். அந்த ஐந்து சதவீதத்துக்குள் போய்ப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் பேர். மேற்கே 'புதிய பள்ளத்தாக்கு' என்ற மாகாணம் நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அங்கே இருப்பவர்கள் இரண்டரை லட்சம் பேர் அளவில். கார்கா, தாக்லா போன்ற பாலைச் சோலைகளை விட்டு ஒரு நடை வெளியே வந்தால் மணல்தான்.

மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதற்காகவே வேறு சில அளவுகளை வைத்திருக்கிறார்கள். மொத்த நிலத்தை விட்டுவிட்டு விளைநிலத்தால் மட்டும் வகுப்பது ஒன்று. அந்தக் கணக்கில் எகிப்து உலகின் மிக நெருக்கமான நாடுகளோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். கோதுமை இறக்குமதியில் உலகின் முன்வரிசையில் அது நிற்பதற்கான காரணமும் அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, வாழும் அடர்த்தி. இதில் கேள்வியையே மாற்றிவிடுகிறார்கள். நிலத்தைப் பார்த்து 'உன்மேல் எத்தனை பேர்?' என்று கேட்காமல், மனிதரைப் பார்த்து 'உன்னைச் சுற்றி எத்தனை பேர்?' என்று கேட்கிறார்கள். நூறு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நாட்டில் ஆயிரம் பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் 900 பேர் ஒரே சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிய ஓர் ஊரில் இருக்கிறார்கள். மீதி 100 பேர் மற்ற 99 சதுர கிலோமீட்டரிலும் சிதறிக் கிடக்கிறார்கள். நிலத்தைக் கேட்டால் விடை 10. ஆட்களைக் கேட்டால் 900 பேர் 'எங்கள் சதுர கிலோமீட்டரில் 900 பேர்' என்பார்கள். 100 பேர் 'ஒருவர்' என்பார்கள். ஆயிரம் பேரின் விடைகளையும் கூட்டி ஆயிரத்தால் வகுத்தால் 810 வருகிறது. இரண்டு எண்களும் சரிதான். அந்த நாட்டில் வாழும் ஒருவரின் அன்றாடத்தைச் சொல்வது 810. தொற்றுநோய் எவ்வளவு வேகமாகப் பரவும், ஒரு பேருந்துத் தடம் தாக்குப்பிடிக்குமா, கழிவுநீர்க் குழாய் எங்கே போடுவது என்று பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது எண்தான் உதவும். ஆப்பிரிக்காவின் பாலை நாடுகள் எல்லாமே இந்தக் கணக்கில் முகம் மாறிவிடும். லிபியாவின் 'நான்கு பேர்' திரிப்போலியிலும் பெங்காசியிலும் கடலைப் பார்த்து நெருங்கி வாழும் மக்கள். அல்ஜீரியாவின் 'இருபது பேர்' வடக்கே அட்லஸ் மலைக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மக்கள்.

நீர் இருக்கும் இடத்தில் கூட்டம் சேர்கிறது என்பது எகிப்தைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஆனால் ருவாண்டா, புருண்டி, எத்தியோப்பியா மூன்றையும் நீரால் மட்டும் விளக்க முடியாது. காங்கோ படுகையில் இவற்றை விட எவ்வளவோ தண்ணீர் இருக்கிறது, ஆள் குறைவு. அடர்த்தி வரைபடத்தின் பக்கத்தில் உயர வரைபடத்தை வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். எத்தியோப்பியர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் 1,500 மீட்டருக்கு மேலே வாழ்கிறார்கள். ருவாண்டாவின் பெரும்பகுதியும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. வெப்ப மண்டலத்தில் உயரம் என்றால் குளிர்; குளிர் என்றால் மலேரியாக் கொசு குறைவு, செட்சி ஈ இல்லை.

செட்சி ஈயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இது மனிதர்களுக்கு உறக்க நோயையும் மாடுகளுக்கு நகானா என்ற நோயையும் தரும் ஒட்டுண்ணியைச் சுமக்கிறது. கண்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர், இந்த ஈயின் ஆட்சியில் இருக்கிறது. அங்கே மாடு பிழைப்பது அரிது. மாடில்லை என்றால் ஏரில்லை, வண்டியில்லை, எருவில்லை. எருவில்லாத நிலத்தை இரண்டு மூன்று ஆண்டு உழைத்துவிட்டுத் தரிசாக விட வேண்டும். வேறு காட்டை வெட்டி எரித்து விதைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அந்த முறையில் தேவைப்படும் நிலம் மிக அதிகம். 2015-இல் பொருளியலாளர் மார்செல்லா அல்சான் வெளியிட்ட ஆய்வு, ஈ வாழ ஏற்ற பகுதிகளில் குடியேற்ற ஆட்சிக்கு முன்பிருந்தே மாடு வளர்ப்பும் ஏர் உழவும் மக்களடர்த்தியும் குறைவாக இருந்ததைக் காட்டியது. வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் பச்சைக் காடுகளுக்குப் பின்னால் கட்டைவிரல் நகத்தளவு பூச்சி ஒன்று இருக்கிறது.

குளிர்ந்த மேட்டில் மாடும் மனிதரும் பிழைத்தார்கள். அவ்வளவு பேருக்குச் சோறு எங்கிருந்து வந்தது? தெற்கு எத்தியோப்பியாவில் கெதியோ, வொலாயிதா, குராகே மக்கள் வாழும் பகுதிகளுக்குப் போனால் விடை வீட்டுக் கொல்லையிலேயே நிற்கும். என்செட் என்ற மரம் அது. வாழைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்த்தால் நெடிதாய் வளர்ந்த வாழை என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அதன் பழம் உணவாகாது. தண்டும் கிழங்குமே உணவு. நான்கிலிருந்து ஏழெட்டு ஆண்டு வளர்ந்த மரத்தைச் சாய்த்து, மட்டைகளை ஒவ்வொன்றாய் உரித்து, ஒரு பலகையில் சாய்த்துவைத்து, மூங்கில் சிராய்ப்பானால் பெண்கள் சோற்றைச் சுரண்டி எடுக்கிறார்கள். நார் தனியே வந்துவிடும். அது கயிறு திரிக்க ஆகும். கிழங்கைப் பல் வைத்த கருவியால் துருவுகிறார்கள். இரண்டையும் கலந்து, என்செட் இலையாலேயே உட்புறம் மூடிய குழியில் புதைத்து, மேலே கல் வைத்து அழுத்திவிடுகிறார்கள். வாரங்கள், மாதங்கள், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் அது புளிக்கிறது. தேவைப்படும்போது தோண்டியெடுத்துப் பிழிந்து, இலையில் வைத்துத் தட்டிச் சுட்டால் கோச்சோ என்ற புளித்த ரொட்டி. பிழிந்த சாற்றில் அடியில் படியும் வெள்ளை மாவு புல்லா, அது கஞ்சிக்கு.

இந்த முறையின் அருமை அதன் காலத்தில் இருக்கிறது. தானியத்துக்கு அறுவடைப் பருவம் உண்டு, அது தவறினால் பட்டினி. என்செட்டை எந்த மாதத்திலும் வெட்டலாம். ஓர் ஆண்டு மழை பொய்த்தாலும் நிற்கிற மரம் நிற்கும். வீட்டைச் சுற்றி வெவ்வேறு வயதில் சில பத்து மரங்கள் இருந்தால் ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்கும். மாட்டுத் தொழுவம் வீட்டோடு ஒட்டி இருப்பதால் எரு அந்த மரங்களுக்கே போகிறது. சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வாழும் ஊர்கள் இதனால்தான் அங்கே நிலைத்தன. என்செட்டுக்குக் கீழே காப்பி, மேலே பெருமரங்கள் என்று அடுக்கடுக்காக வளர்க்கும் கெதியோ நிலத்தோற்றத்தை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகம் காப்பிக்காக எத்தியோப்பியாவை அறிந்த அளவுக்கு என்செட்டுக்காக அறியாமல் போனது வருத்தமான விஷயம்.

ஆட்கள் கூடக் கூட நிலம் பாழாகும் என்ற எண்ணம் ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸ் காலத்திலிருந்து வருவது. அதற்கு எதிரான வாதத்தை 1965-இல் டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசரப் எழுதினார். நெருக்கம்தான் உழவரைப் புதிய முறைகளுக்குத் தள்ளுகிறது என்பது அவர் கட்சி. கென்யாவில் நைரோபிக்குத் தென்கிழக்கே உள்ள மச்சாகோஸ் மாவட்டம் இந்த வழக்குக்கு முக்கியமான சாட்சி. 1930-களில் அங்கே வந்த மண்வளக் காப்பு அதிகாரிகள், அக்காம்பா மக்களின் சரிவுகள் கரைந்தோடிவிட்டன, இனி இந்த நிலம் தேறாது என்று அறிக்கை எழுதினார்கள். அப்போது அங்கே சுமார் இரண்டரை லட்சம் பேர். 1989-இல் 14 லட்சம். பழைய அறிக்கை சொன்னபடி நடந்திருந்தால் அது பாலையாகியிருக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் மேரி டிஃபன், மைக்கேல் மார்ட்டிமோர், ஃபிரான்சிஸ் கிச்சுக்கி ஆகியோர் பழைய புகைப்படங்களையும் புதியவற்றையும் வைத்து ஒப்பிட்டார்கள். அன்று வெறுஞ்சரிவாக இருந்த இடத்தில் படிக்கட்டு வயல்களும் மரங்களும் நின்றன. மண்ணரிப்பு குறைந்திருந்தது.

செய்தது இன்னதுதான். சரிவின் குறுக்கே, சம உயரத்தில், நீளமாக ஓடை வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளாமல் மேட்டுப் பக்கமாக எறிகிறார்கள். சுவாஹிலியில் இதற்கு ஃபான்யா ஜூ என்று பெயர். எறிந்த மண் வரப்பாகிறது. வரப்பின்மேல் மாட்டுக்குத் தீவனப் புல். மழை நீர் மேலிருந்து இழுத்துவரும் மண் அந்த வரப்பில் தங்கித் தங்கி, சில ஆண்டுகளில் சரிவு தானாகவே சமதளப் படியாகிவிடும். மண்ணை மேலே எறிவது முதுகு ஒடிக்கும் வேலை. ம்வெத்யா என்ற கூட்டுழைப்புக் குழுக்களில், பெரும்பாலும் பெண்கள், ஒரு வீட்டு நிலம் முடிந்ததும் அடுத்த வீட்டு நிலம் என்று செய்து முடித்தார்கள். ஆட்கள் நெருங்கி இருந்ததால்தான் அத்தனை கைகள் கிடைத்தன. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் முழு உண்மையாகாது. நைரோபிச் சந்தை பக்கத்தில் இருந்தது; அங்கே வேலைக்குப் போன ஆண்கள் அனுப்பிய காசு வயலுக்குள் வந்தது; அந்த வசதி இல்லாத தொலைவான ஊர்கள் இவ்வளவு தேறவில்லை. மச்சாகோஸை எல்லா ஊருக்கும் மருந்தாக எழுதிக்கொடுக்க முடியாது.

மொரிஷியஸிலும் இதே போன்ற ஒரு தீர்ப்பு வந்து பொய்த்தது. அந்தத் தீவுக்கென்று ஆதிகுடிகள் இல்லை. டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் கரும்புக்காக மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகள். 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள், ஏறக்குறைய நான்கரை லட்சம் பேர். அவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் போயிருந்தார்கள். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருப்பது அந்த வரவின் தொடர்ச்சி. ஆக, ஆப்பிரிக்காவின் மிக நெருக்கமான நாட்டின் நெருக்கம் முழுக்க முழுக்கக் கரும்புத் தோட்டத்தால் விளைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி தெளித்து மலேரியாவை ஒடுக்கியதும் சாவு குறைந்தது, பிறப்பு குறையவில்லை. 1961-இல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் இத்தீவை ஆராய்ந்து, மால்தஸ் சொன்னதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். தீவுக்கு நல்ல எதிர்காலம் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு அருகில் இருந்த பிறப்பு விகிதம் ஏறக்குறைய பாதியானது. குடும்பக் கட்டுப்பாட்டை அரசும் கத்தோலிக்கத் திருச்சபையும் தத்தம் வழியில் ஏற்றன. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள். 1970-க்குப் பின் வந்த ஏற்றுமதித் தையல் ஆலைகளில் வேலைக்குப் போனார்கள். இப்போது அந்த விகிதம் ஒன்றரைக்கும் கீழே. இன்று மொரிஷியஸ் அரசின் கவலை முதியோர் பெருகி ஆள்பலம் குறைவது. கண்டத்தின் தலைசிறந்த வருமானம் கொண்ட நாடுகளில் ஒன்றாகவும் அது நிற்கிறது. மீட்டின் கணக்கில் பிழையில்லை; போகிற போக்கில் போனால் என்ன ஆகும் என்று அவர் எழுதினார், மக்கள் போக்கை மாற்றிக்கொண்டார்கள்.

ருவாண்டாவைப் பற்றிப் பேசும்போது சிலர் 1994 இனப்படுகொலையை நில நெருக்கடியின் விளைவாகச் சொல்வதுண்டு. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிலம் துண்டுதுண்டாகி இளைஞர்களுக்கு வாழ வழி குறுகியிருந்தது உண்மை. ஆனால் பட்டியல் எழுதிக் கொடுத்ததும், வானொலியில் தூண்டியதும், சாலைத் தடுப்பு போட்டதும் ஆட்கள். அதிகாரத்தில் இருந்த, பெயர் தெரிந்த ஆட்கள். 1991-இல் 71 லட்சமாக இருந்த அந்நாட்டு மக்கள்தொகை 2022-இல் 1 கோடியே 32 லட்சம். நெருக்கம் கிட்டத்தட்ட இரு மடங்காகியிருக்கிறது. கொலைக்கு நெருக்கமே காரணம் என்றால் இந்த முப்பது ஆண்டுகளை எப்படி விளக்குவது? அதே நெருக்கம்தான் இன்று ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளர் நடந்துபோய் எட்டும் தொலைவில் வீடுகள் இருக்க உதவுகிறது. 2005-இல் ஆறாக இருந்த பிறப்பு விகிதம் 2020-க்குள் நான்குக்கு இறங்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆள் குறைந்த நாட்டுக்கு இந்த வசதி கிடையாது. நமீபியாவில் ஒரு கிலோமீட்டர் மின்கம்பி இழுத்தால் எத்தனை வீட்டுக்கு விளக்கு எரியும் என்பது கஷ்டமான கேள்வி. வடமேற்கே கால்நடையோடு இடம் மாறும் ஹிம்பா இடையர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளியையே கூடாரத்தில் வைத்து நடத்த வேண்டியிருந்தது. பிரசவ வலி வந்த பெண்ணுக்கு மருத்துவமனை நூறு கிலோமீட்டர் என்றால், சதுர கிலோமீட்டருக்கு 3.7 பேர் என்ற எண் அவளுக்கு ஒரு நிம்மதியும் தராது.

நமீபியாவின் வெறுமைக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் பாலைவனத்தைக் காட்டுவார்கள். அட்லாண்டிக் கரையோரம் ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் மழையைத் தடுக்கிறது. நமீப் பாலை அதன் பிள்ளை. இது பாதிக் கதை. நடுமேட்டு நிலம் ஹெரேரோ மக்களின் மாட்டு மந்தைகள் மேய்ந்த நல்ல புல்வெளி. 1904-இல் ஜெர்மன் குடியேற்றத்தை எதிர்த்து அவர்கள் எழுந்தபோது, தளபதி லோத்தர் ஃபொன் த்ரோத்தா அவர்களை அழித்தொழிக்க ஆணையிட்டார். ஒமாஹேக்கே பாலைக்குள் விரட்டப்பட்டுத் தண்ணீரின்றிச் செத்தவர்களும், பிறகு முகாம்களில் செத்தவர்களுமாக ஹெரேரோ மக்களில் பெரும்பான்மையோர் 1908-க்குள் இல்லாமல் போனார்கள். நாமா மக்களில் பாதிப்பேர் அளவுக்கு மாண்டார்கள். அந்த நிலம் வெள்ளையர் பண்ணைகளாயிற்று. ஜெர்மன் அரசு இதை இனப்படுகொலை என்று ஏற்க 2021 வரை ஆனது. அந்தப் போர் எட்டாத வட எல்லையில், அங்கோலாவை ஒட்டிய ஒவாம்போ பகுதியில்தான் இன்றும் நாட்டு மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். அடர்த்தி வரைபடத்தில் சில வெள்ளைத் திட்டுகள் இயற்கை வரைந்தவையல்ல. மனிதர்கள் மனிதர்களை அழித்ததால் வெளுத்தவை.

வகுக்கும் எண்ணைப் பற்றி இவ்வளவு சொன்னேன். வகுபடும் எண்ணாவது உறுதியானதா? காங்கோ ஜனநாயகக் குடியரசு கடைசியாக மக்களைக் கணக்கெடுத்தது 1984-இல், சயர் என்ற பெயரில் இருந்தபோது. அப்போது சுமார் 3 கோடி; இப்போது பத்துக் கோடிக்கு மேல் என்பது மதிப்பீடு. நைஜீரியாவில் தலைக்கணக்குதான் மாநிலங்களின் பங்குத் தொகையையும் நாடாளுமன்ற இடங்களையும் தீர்மானிக்கிறது. எனவே ஒவ்வொரு கணக்கெடுப்பும் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே வழக்காகிவிடுகிறது. 1962 கணக்கு ரத்து, 1973 கணக்கு ரத்து. கடைசியாக நடந்த 2006 கணக்கில் மதமும் இனமும் கேட்கப்படவே இல்லை. கேட்டால் கலவரம் வரும் என்ற அச்சம். அதில் 14 கோடி. 2023-க்குத் திட்டமிட்ட அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. ஆகவே ஆப்பிரிக்காவில் மிகுந்த மக்களைக் கொண்ட நாட்டின் அடர்த்தி என்று நாம் அச்சிடும் எண் ஒரு மதிப்பீடுதான்.

இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்ப விண்ணிலிருந்து பார்க்கும் முறை வந்திருக்கிறது. சில சிறு பகுதிகளில் வீடு வீடாகப் போய் உண்மையில் எண்ணுகிறார்கள். அதே பகுதிகளின் செயற்கைக்கோள் படத்தில் எத்தனை கூரைகள், எவ்வளவு பெரியவை, எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கிறார்கள். கூரைக்கும் தலைக்கும் உள்ள உறவு பிடிபட்டதும், எண்ணாத பகுதிகளின் கூரைகளிலிருந்து தலைகளை மதிப்பிடுகிறார்கள். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வேர்ல்டுபாப் குழு நூறு மீட்டர் கட்டங்களாகக் கண்டம் முழுவதையும் இப்படி வரைந்திருக்கிறது. வடக்கு நைஜீரியாவில் போலியோ சொட்டு மருந்துக் குழுக்கள் கையால் வரைந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு அலைந்தபோது, செயற்கைக்கோள் படங்கள் அந்த வரைபடங்களில் இல்லாத குடியிருப்புகளைக் காட்டிக்கொடுத்தன. ஒவ்வொரு சுற்றிலும் மருந்து கிடைக்காமல் விடுபட்ட குழந்தைகள் அங்கேதான் இருந்தார்கள். 2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்க வட்டாரத்தில் இயற்கைப் போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததற்குப் பின்னால் அந்த வரைபடங்களும் இருக்கின்றன. அடர்த்தியைத் துல்லியமாக அறிவதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கூரையைக் கண்டுவிட்டால் குடியிருப்பவரைக் கண்டுவிட்டதாக ஆகாது என்பதும் உண்மை: மழைக்காட்டின் மரக்கூரைக்கு அடியில் இருப்பவர்களும், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நகரும் இடையர்களும் இந்தக் கணக்கிலிருந்து நழுவுகிறார்கள்.

ஐ.நா. கணிப்பின்படி 2050-இல் ஆப்பிரிக்காவின் மக்கள் ஏறக்குறைய 250 கோடி. கண்டத்தின் சராசரி அப்போது 80-ஐத் தாண்டும். கூடும் அந்த நூறு கோடிப் பேரில் பெரும்பாலோர் வயலுக்குப் போகப்போவதில்லை, நகரங்களுக்குப் போகிறார்கள். கினி வளைகுடாக் கரையில் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் தொடங்கி கானாவின் அக்ரா, டோகோவின் லோமே, பெனினின் கோட்டனு வழியாக நைஜீரியாவின் லாகோஸ் வரை சுமார் ஆயிரம் கிலோமீட்டருக்கு நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலையில் லோமேயில் புறப்பட்டு எல்லை தாண்டி கானாவில் சரக்கு விற்றுவிட்டு மாலையில் வீடு திரும்புகிறவர்கள் அங்கே ஏராளம். ஐந்து நாடுகளையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்கு ஒப்பந்தமும் போட்டிருக்கிறார்கள். நாடுவாரிப் பட்டியலில் இந்தக் கரை ஐந்து வரிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் வடபுலத்துச் சவன்னாவோடு சேர்த்துச் சராசரியாக்கப்பட்டுக் கிடக்கிறது. குடிநீரும் சாக்கடையும் மழைவெள்ள வடிகாலும் அந்தக் கரைக்கு ஒரே பிரச்சினைதான். அதைத் திட்டமிட இப்போது கட்ட வரைபடங்கள் இருக்கின்றன, ஐந்து அரசுகளும் சேர்ந்து உட்கார வேண்டிய மேசைதான் இன்னும் சரியாக அமையவில்லை.